வியாழனின் நான்கு நிலவுகள்: கண்டுபிடிப்பதிலிருந்து வியாழனை எடைபோடுவது வரை

வியாழனைச் சுற்றும் நிலவுகளின் எண்ணிக்கை இப்போது நூறை ஒட்டி நிற்கிறது. அவற்றில் சின்னக் கருவிக்கு எட்டுபவை நான்கே நான்கு: அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. ஐந்தாவது பெரிய நிலவின் சராசரி விட்டம்கூட 200 கிலோமீட்டரைத் தாண்டாது. கனிமீடின் விட்டமோ 5,268 கிலோமீட்டர், புதன் கோளைவிடப் பெரியது. இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள்.

இந்த நான்கையும் ஒரே ஒரு இரவு பார்த்தால் கிடைப்பது வரிசையாக நாலு புள்ளி, அவ்வளவுதான். ஐந்து வாரம் தொடர்ந்து பார்த்து பென்சிலால் குறித்து வைத்தால், ஒவ்வொன்றும் சுற்றிவர எத்தனை நாள் எடுக்கிறது, வியாழன் பூமியைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதெல்லாம் உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்தே வந்துவிடும். அதற்கு வேண்டிய கணக்கு பெருக்கல், வகுத்தல் மட்டுமே.

எப்போது பார்ப்பது

பூமி வியாழனைச் சுமார் 399 நாளுக்கு ஒருமுறை முந்திச் செல்கிறது. அந்தச் சமயத்தில் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வியாழன் இருக்கும். மாலையில் உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்து, விடியும்போது மறையும். இதுதான் எதிர்நிலை. 2026 ஜனவரி 10 அன்று ஒன்று வந்தது, அடுத்தது 2027 பிப்ரவரியில். எதிர்நிலைக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதம் நல்ல காலம். சூரியனுக்குப் பின்னால் வியாழன் போய்விடும் ஒன்றரை மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அளவு சொல்லும்போது பாகை, கலை, விகலை என்றே போகலாம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. எதிர்நிலையில் வியாழனின் தட்டு 44 முதல் 50 விகலை வரை இருக்கும். கலிஸ்டோ அதிகபட்சமாக விலகி நிற்கும்போது வியாழனிலிருந்து சுமார் 10 கலை தள்ளி இருக்கும். நான்கு நிலவுகளின் ஆட்டமும் முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

கருவி

10x50 பைனாகுலர் போதும். இதில் 10 என்பது பெருக்கம், 50 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். கையில் பிடித்துப் பார்த்தால் மட்டும் வேலைக்கு ஆகாது. நிலவுகள் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை பைனாகுலரில் இல்லை, கை நடுக்கத்தில்தான் இருக்கிறது. கேமரா முக்காலியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் முழங்கை இரண்டையும் மதில்மேல் ஊன்றுங்கள், அல்லது சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பாருங்கள். பைனாகுலரில் கலிஸ்டோவும் கனிமீடும் எளிதாகத் தெரியும், யூரோப்பா பெரும்பாலும் தெரியும். அயோ அதிகபட்சம் 2.3 கலை மட்டுமே விலகுவதால் வியாழனின் கூசலில் பல இரவுகள் மூழ்கிவிடும்.

அளக்க வேண்டுமானால் தொலைநோக்கி தேவை. 60 அல்லது 80 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கியே போதும். பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியதூரத்தை ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து வில்லையின், குவியதூரத்தால் வகுத்தது. 700 மி.மீ. குழாயில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 70 மடங்கு. அந்த ஐபீஸின் பார்வைப் பரப்பு 50 பாகை என்றால், வானத்தில் 50-ஐ 70-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 43 கலை, ஒரே பார்வையில் தெரியும். நான்கு நிலவுகளும் தாராளமாக உள்ளே வரும். பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் 400 மடங்கு, 500 மடங்கு எல்லாம் விளம்பரம். இந்த வேலைக்கு 60 முதல் 100 மடங்குதான் சரியான இடம்.

முதல் இரவு

1. தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே வெப்பக்காற்று இருக்கும்வரை தட்டு கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும்.

2. சூரியன் முழுக்க மறைந்த பிறகே குழாயை வானத்துப் பக்கம் திருப்புங்கள். அந்தி வெளிச்சத்தில் வியாழனைத் தேடும் ஆர்வத்தில் சூரியன்மேல் ஒரு நொடி பட்டாலும் கண் போய்விடும்.

3. குறைந்த பெருக்கத்தில் வியாழனை நடுவில் கொண்டுவாருங்கள். ஃபோகஸை வியாழனை வைத்துச் சரிசெய்யாதீர்கள், ஒரு நிலவை வைத்துச் செய்யுங்கள். தட்டின் விளிம்பு எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே தெரியும், சரியா தவறா என்று கண்ணுக்குப் பிடிபடாது. நிலவோ ஊசிமுனையாகச் சுருங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

4. திசையைக் கண்டுபிடியுங்கள். வானத்தின் நகர்வோடு குழாயைத் திருப்பும் மோட்டார் இருந்தால் நிறுத்திவிட்டு, வியாழன் எந்தப் பக்கமாக நழுவி வெளியேறுகிறது என்று பாருங்கள். அது வெளியேறும் பக்கம் மேற்கு. தொலைநோக்கி தலைகீழாகக் காட்டினாலும், இடவலம் மாற்றினாலும் இந்த விதி மாறாது. எந்த ஊரில் இருந்தாலும் இதுவே. முதல் வாரக் குறிப்புகள் வீணாவதற்கு முதல் காரணம் கிழக்கு மேற்கு மாறிப்போவதுதான்.

5. நிலவுகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டை விட்டு நன்றாக விலகியிருக்கும் புள்ளி பின்னணி நட்சத்திரம். கோட்டுக்கு மேலேயே ஒரு நட்சத்திரம் வந்து மாட்டிக்கொள்வதும் உண்டு, மறுநாள் அது பின்தங்கிவிடும்.

மூன்றுதான் தெரிகிறது என்றால் பதற வேண்டாம். ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ அதன் நிழலுக்குள்ளோ இருக்கலாம். இரண்டு நிலவுகள் ஒட்டி நின்று ஒன்றாகத் தெரியலாம். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ பார்த்ததும் மூன்றைத்தான். அயோவும் யூரோப்பாவும் அன்றைக்கு அவர் கருவியில் ஒரே புள்ளியாகத் தெரிந்தன. நான்காவதை 13ஆம் தேதிதான் எண்ணினார்.

நோட்டுப் புத்தகம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் 5 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதுதான் வியாழன். அப்படியானால் 5 மி.மீ. என்பது ஒரு வியாழ விட்டம். இரு பக்கமும் 14 விட்டத்துக்கு, அதாவது 70 மி.மீ. தூரத்துக்குச் சிறு கோடுகள் குறியுங்கள். ஏ4 தாளின் அகலத்தில் இது சரியாக உட்காரும். வலப்பக்கம் மேற்கு, இடப்பக்கம் கிழக்கு என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியது: தேதி, நேரம் நிமிடம் வரை, ஒவ்வொரு புள்ளியும் வியாழனின் மையத்திலிருந்து எத்தனை விட்டம், எந்தப் பக்கம், எது மிகப் பிரகாசம், வானம் எப்படி இருந்தது. இதை ஐபீஸில் கண் வைத்தபடியே குறியுங்கள். உள்ளே போய் நினைவிலிருந்து போட்ட படம் எப்போதும் அழகாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும்.

தூரத்தை மதிப்பிடுவதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று: வியாழனின் கூசலையும் தட்டோடு சேர்த்து அளந்துவிடுவது. தட்டு பெரிதாகத் தெரிந்தால் தூரம் குறைவான விட்டமாக வரும். 13 விட்டம் தள்ளி இருக்கும் நிலவு 11 என்று பதிவாகும். இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அளப்பது. வானம் முழுக்க இருட்டாமல் இருந்தால் கூசல் குறையும், தட்டு தன் உண்மையான அளவில் நிற்கும். இரண்டாவது, அளவுகோலையே விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்சால் அளப்பது.

ஸ்டாப்வாட்ச் முறை இப்படி. குறுக்குக் கம்பி உள்ள ஐபீஸைப் போட்டு, மோட்டாரை நிறுத்துங்கள். நழுவும் திசைக்குச் செங்குத்தாக ஒரு கம்பி நிற்கட்டும். வியாழனின் மையம் கம்பியைத் தொடும்போது ஒரு அழுத்தல், நிலவு தொடும்போது இன்னொரு அழுத்தல். இடைப்பட்ட வினாடிகளை 15-ஆல் பெருக்கி, வியாழனின் நடுவரை விலக்கத்தின் கொசைனால் பெருக்கினால் கிழக்கு மேற்குத் தூரம் விகலையில் கிடைக்கும். நடுவரை விலக்கம் (declination) என்பது வான நடுவரைக் கோட்டிலிருந்து வியாழன் வடக்கிலோ தெற்கிலோ தள்ளி நிற்கும் கோணம். இதை ஸ்டெல்லேரியம் போன்ற எந்த வான்வரைபட ஆப்பிலும் பார்த்துக்கொள்ளலாம். நிலவுகளின் கோடு நழுவும் திசைக்குச் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்துவிடுங்கள். 20 பாகைச் சாய்வை மறந்தால் 6 சதவீதம் குறைவாக வரும். கலிஸ்டோ தொலைவில் இருக்கும்போது இந்த இடைவெளி 40 வினாடியை ஒட்டி வரும், அதில் அரை வினாடி பிசகினாலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் பிழை. வியாழனின் தட்டையே இப்படி அளக்க முயல வேண்டாம். அது கம்பியைக் கடக்க 3 வினாடிதான் ஆகும், அரை வினாடிப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

எது யார்?

ஆப்பைத் திறந்தால் பெயர் தெரிந்துவிடும். ஆனால் முதல் இரண்டு வாரம் ஆப் இல்லாமல் பெயர் பிரித்துப் பாருங்கள். பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். தேவையான எண்கள் இவை. தூரம் வியாழ விட்டத்தில், அதிகபட்ச விலகல்:

- அயோ: 2.9 விட்டம், ஒரு சுற்றுக்கு 1 நாள் 18½ மணி, பிரகாச எண் 5.0
- யூரோப்பா: 4.7 விட்டம், 3 நாள் 13¼ மணி, பிரகாச எண் 5.3
- கனிமீடு: 7.5 விட்டம், 7 நாள் 3¾ மணி, பிரகாச எண் 4.6
- கலிஸ்டோ: 13.2 விட்டம், 16 நாள் 16½ மணி, பிரகாச எண் 5.7

பிரகாச எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஆக 7.5 விட்டத்துக்கு அப்பால் ஒரு நிலவு நின்றால் அது கலிஸ்டோ, சந்தேகமே இல்லை. 4.7-க்கும் 7.5-க்கும் இடையில் என்றால் கனிமீடோ கலிஸ்டோவோ, இரண்டில் பளிச்சென்று இருப்பது கனிமீடு. வியாழனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தூரத்தை வைத்துப் பிரிக்க முடியாது, வேகத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தட்டுக்கு அருகே அயோ ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.44 விட்டம் நகரும். கலிஸ்டோ 0.2 விட்டம்தான் நகரும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

விலகலின் உச்சியில் இது எடுபடாது. அங்கே நிலவு நம்மை நோக்கியோ நம்மை விட்டோ ஓடிக்கொண்டிருப்பதால் பல மணி நேரம் அசையாமல் நிற்பதுபோலவே தெரியும்.

இரண்டு பொறிகள்

விடுமுறை என்பதால் ஒவ்வொரு ஞாயிறு இரவும் மட்டும் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். நான்கைந்து வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் மூன்று உள் நிலவுகளும் அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்வதுபோல இருக்கும். காரணம், ஏழு நாளில் கனிமீடு ஏறத்தாழ ஒரு சுற்று, யூரோப்பா இரண்டு, அயோ நான்கு. 7 நாளும் சில மணியும் ஆனால் மூன்றும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. வாரம் ஒரு முறை பார்ப்பவருக்குக் கலிஸ்டோ மட்டும்தான் ஓடும்.

அடுத்த பொறி இதைவிடச் சாமர்த்தியமானது. தினமும் சரியாக இரவு 9 மணிக்குப் பார்க்கிறீர்கள், ஒரு நாளும் தவறவில்லை. அயோவின் புள்ளிகளை வரைந்து பார்த்தால் 2.30 நாள் சுற்றுக்காலம் அழகாகப் பொருந்தும். உண்மை 1.77 நாள். அயோ ஒரு நாளில் 203.5 பாகை சுற்றுகிறது. அதே தோற்றத்தை எதிர்ப்பக்கமாக 156.5 பாகை சுற்றும் ஒரு நிலவும் தரும். பக்கவாட்டில் மட்டும் பார்க்கும் நமக்கு 24 மணி இடைவெளியில் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. தீர்வு எளிது: வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது, ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். அயோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த மறுகணம் தவறான விடை உதிர்ந்துவிடும்.

வளைவும் சுற்றுக்காலமும்

கட்டத் தாளை நெடுக்கில் வையுங்கள். மேலிருந்து கீழாக நாட்கள், ஒரு நாளுக்கு 10 மி.மீ. குறுக்கே தூரம், நடுவில் வியாழன். ஒவ்வொரு பதிவையும் நேரத்துக்கு ஏற்ற உயரத்தில் புள்ளியாக வையுங்கள். இரவு 9 மணியும் நள்ளிரவும் ஒரே கட்டத்தில் விழக்கூடாது. நான்கு நிறப் பென்சில் எடுத்து, முதலில் கலிஸ்டோவை இணையுங்கள். மெதுவான பெரிய அலை, தவறவே தவறாது. அடுத்து கனிமீடு. மிச்சமிருக்கும் உள்பக்கப் புள்ளிகளை யூரோப்பாவும் அயோவும் பங்கிட்டுக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றி அயோவிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான்.

சுற்றுக்காலத்தை எங்கே அளப்பது? பலரும் உச்சிக்கு உச்சி அளப்பார்கள். அது மோசமான இடம். உச்சியில் வளைவு தட்டையாக இருப்பதால் கலிஸ்டோவுக்கு ஒரு நாள் முன்பின் பிசகினாலும் தெரியாது. அலை நடுக்கோட்டை வெட்டும் இடத்தை எடுங்கள். அங்கே நிலவு வேகமாக ஓடுகிறது, கோடு சரிவாக வெட்டுகிறது, சில மணி நேரத் துல்லியம் கிடைக்கும். கிழக்கிலிருந்து மேற்கே வெட்டியதை இன்னொரு கிழக்கு மேற்கு வெட்டோடுதான் ஒப்பிட வேண்டும், எதிர்த்திசை வெட்டோடு கூடாது.

பல சுற்றுகளை எண்ணி வகுப்பதுதான் இதில் சூட்சுமம். அயோ வியாழனின் நிழலுக்குள் நுழையும் நேரத்தைப் பத்து நிமிடத் துல்லியத்தில் பிடித்து, 20 சுற்று கழித்து அதே நிகழ்வை மறுபடி பிடித்தால், பிழை ஒரு சுற்றுக்கு அரை நிமிடமாகச் சுருங்கிவிடும். 20 சுற்றுக்கு சுமார் 35 நாள் 9½ மணி வர வேண்டும். தொடக்கத்தில் ஐந்து வாரம் என்றது இதற்காகத்தான்.

கலிஸ்டோவின் காலம் எதிர்நிலைச் சமயத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் குறைவாக வந்தால் உங்கள் பிழை இல்லை. பூமி முந்திச் செல்வதால் நாம் வியாழனைப் பார்க்கும் கோணமே அந்தப் பதினாறு நாளில் இரண்டு பாகை திரும்பிவிடுகிறது.

காலங்கள் கைக்கு வந்ததும் ஒரு சின்ன விளையாட்டு. 360-ஐ ஒவ்வொரு காலத்தாலும் வகுத்து ஒரு நாள் நகர்வைக் கண்டுபிடியுங்கள். அயோவுக்கு 203.489 பாகை, யூரோப்பாவுக்கு 101.375, கனிமீடுக்கு 50.318. அயோவின் எண்ணிலிருந்து யூரோப்பாவின் எண்ணை மூன்று முறை கழித்து, கனிமீடின் எண்ணை இரண்டு முறை கூட்டினால் சுழியம் வரும். மூன்றும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்து வைத்திருக்கும் பூட்டு இது. இதனால் மூன்றும் வியாழனின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்க முடியாது. அயோவை ஓயாமல் பிசைந்து எரிமலைகளாகக் கக்க வைப்பதும் இந்தப் பூட்டுதான். யூரோப்பாவும் கனிமீடும் இழுத்துக்கொண்டே இருப்பதால் அயோவின் பாதை வட்டமாக அமைய வழியில்லை, வியாழனின் இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைகிறது.

எடை போடுவது

ஒரு கோளைச் சுற்றும் நிலவின் தூரத்தை மும்மடியாக்கி, காலத்தின் இருமடியால் வகுத்தால் வருவது கோளின் நிறைக்கு விகிதமானது. நம் நிலாவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டால் வேறு மாறிலி எதுவும் வேண்டாம். நிலாவின் தூரம் 3,84,400 கி.மீ., காலம் 27.32 நாள்.

முதலில் கலிஸ்டோவின் தூரம். உச்சி விலகல் 607 விகலை வந்தது, அன்றைக்கு வியாழன் 64 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி, ஒரு ரேடியனில் உள்ள விகலைகளின் எண்ணிக்கையான 2,06,265-ஆல் வகுத்தால் சுமார் 18,83,000 கி.மீ.

அது நிலாவின் தூரத்தைப் போல 4.9 மடங்கு, மும்மடி 117.5. அடுத்து 27.32-ஐ 16.69-ஆல் வகுத்தால் 1.637, இருமடி 2.68. இரண்டையும் பெருக்கினால் 315.

புத்தகத்தில் இருப்பது 318. மூன்று எங்கே போனது? நிலாவின் சுற்றை வைத்து எடைபோட்டால் கிடைப்பது பூமியும் நிலாவும் சேர்ந்த எடை. நிலா பூமியில் 81-இல் ஒரு பங்கு. 315-ஐ 1.0123-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 319 வரும். மிச்ச வேறுபாடு தசமங்களைச் சுருக்கியதால் வந்தது.

உங்களுக்கு 270 வந்தால் சோர வேண்டாம், தூரத்தைச் சரிபாருங்கள். தூரம் மும்மடியாகப் போவதால் 5 சதவீதப் பிழை விடையில் 15 சதவீதமாகப் பெருகும். காலத்தில் ஒரு சதவீதம் தவறினால் இரண்டு சதவீதம்தான். விடை குறைவாக வந்தால் பெரும்பாலும் கூசலோ சாய்வுத் திருத்தத்தை மறந்ததோ காரணம், கூடுதலாக வந்தால் காலம் குறைத்து எண்ணப்பட்டிருக்கும். நான்கு நிலவுகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, நான்கும் ஒரே எண்ணைச் சுற்றி வருகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

நிழலும் கிரகணமும்

நிகழ்வு அட்டவணைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றும்போது தேதியும் மாறக்கூடும் என்பதை மறந்து ஒரு நாள் தாமதமாகக் காத்திருப்பவர்கள் நிறைய.

எதிர்நிலைக்கு முன் வியாழனின் நிழல் மேற்குப் பக்கம் விழும், பின் கிழக்குப் பக்கம். ஆகவே எதிர்நிலைக்கு முன் அயோ நிழலுக்குள் நுழைந்து மறைவது தெரியும், வெளிவருவது தெரியாது, ஏனென்றால் அப்போது அது தட்டுக்குப் பின்னால் இருக்கும். எதிர்நிலைக்குப் பின் வெளிவருவது மட்டும் தெரியும். எதிர்நிலை கழிந்து மூன்றாவது மாதம் இதற்கு அருமையான சமயம். வியாழனின் கிழக்கு விளிம்பிலிருந்து அரை விட்டம் தள்ளி, ஒன்றுமே இல்லாத கருப்பில் கண்ணை வைத்துக் காத்திருங்கள். முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு மங்கல். அடுத்த மூன்றரை நிமிடத்தில் அது படிப்படியாக ஏறி முழுப் புள்ளியாகிவிடும். கனிமீடு பெரியது, மெதுவானது, அதற்கு எட்டு நிமிடம் போல ஆகும்.

இந்த நேரங்களைக் குறித்து வைத்தே 1676-இல் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டினார். வியாழன் தொலைவில் இருக்கும்போது அயோவின் கிரகணங்கள் தாமதமாக வந்தன. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்று கணித்தார், சரியான அளவு 16½ நிமிடத்தை ஒட்டியது. இன்றைய அட்டவணைகள் இந்தத் தாமதத்தைச் சேர்த்தே அச்சிடப்படுகின்றன, நீங்கள் மறுபடி சேர்க்க வேண்டாம்.

நிலவு தட்டின் குறுக்கே போகும்போது நிலவைப் பார்ப்பது கடினம், மேகப்பட்டைகளின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். அதன் நிழல் மை வைத்த புள்ளியாகத் தெரியும். கனிமீடின் நிழலுக்கு 80 மி.மீ. போதும், அயோவின் நிழலுக்கு 100 மி.மீ. வேண்டும். எதிர்நிலைக்கு முன் நிழல் முந்திக்கொள்ளும், பின் நிலவு முந்திக்கொள்ளும். அயோ தட்டைக் கடக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும்.

கலிஸ்டோ மட்டும் பல ஆண்டுகள் தட்டைத் தொடாமலே மேலும் கீழுமாகப் போகும். வியாழனின் அச்சு 3.1 பாகை சாய்ந்திருக்கிறது. கலிஸ்டோவின் தூரம் 26.3 வியாழ ஆரம். அந்தச் சாய்வில் அது மையத்திலிருந்து 1.4 ஆரம் வரை விலகிக் கடந்துவிடுகிறது. கனிமீடுக்கு அதே கணக்கு 0.8 ஆரம்தான், அதனால் அது ஒருபோதும் தப்பாது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சாய்வு நம் பார்வைக்குச் சுழியமாகும். அப்போது நிலவுகள் ஒன்றையொன்று மறைக்கும், ஒன்றன் நிழல் இன்னொன்றின்மேல் விழும். 2026–27 பருவம் அப்படிப்பட்டது, தவற விடாதீர்கள்.

கேமராவில்

300 மி.மீ. லென்ஸும் முக்காலியும் போதும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206-ஆல் பெருக்கி, குவியதூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று வரும். 4 மைக்ரான், 300 மி.மீ. என்றால் 2.75 விகலை. வானம் வினாடிக்கு 15 விகலை வரை நகர்வதால் கால் வினாடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகும். ஐஎஸ்ஓ 1600-இல் தொடங்கி, நிலவுகள் தெரியும்வரை மட்டும் கூட்டுங்கள். வியாழன் வெள்ளைக் குமிழாகத்தான் வரும், பரவாயில்லை, குமிழின் மையத்திலிருந்து அளந்தால் போதும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் முடிவிலிக் குறியையும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலான லென்ஸ்களில் ஒரு மயிரிழை தள்ளித்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் பத்துப் படம் எடுத்து, அளவுகளின் சராசரியைப் போடுங்கள்.

சனியும், வியாழனின் மற்ற நிலவுகளும்

சனிக்கு 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து மொத்தம் 274 ஆனது. நமக்கு எட்டுவதில் முதலாவது டைட்டன். பிரகாச எண் 8.4, காலம் 15 நாள் 22¾ மணி. வளையத்தின் முழு அகலத்தைப் போல நாலரை மடங்கு தூரத்தில் தேடுங்கள். அதே மும்மடி, இருமடிக் கணக்கு அங்கேயும் செல்லும். ரியாவுக்கு 80 மி.மீ. போதும், டெதிசுக்கும் டயோனிக்கும் 100 மி.மீ. இருந்தால் நல்லது. ஐயாபெட்டஸ் விசித்திரமானது: சனிக்கு மேற்கே இருக்கும்போது 10-ஐ ஒட்டிய பிரகாசம், கிழக்கே போனால் 12-ஐ ஒட்டிக் குறைந்துவிடும். ஒரு பாதி வெளுப்பு, மறு பாதி கரி.

வியாழனின் வெளி நிலவுகளில் ஹிமாலியாவை மட்டும் முயலலாம். 1904-இல் படத்தட்டில் பிடிபட்டது. பிரகாச எண் 15-ஐ ஒட்டியது, சுற்ற ஏறத்தாழ 250 நாள், வியாழனிலிருந்து ஒரு பாகை வரை விலகும். பெயரைக் கேட்டாலே இதன் ஓட்டம் தெரிந்துவிடும். ஹிமாலியா, எலாரா என்று ஆகாரத்தில் முடியும் வெளி நிலவுகள் வியாழன் சுழலும் திசையிலேயே சுற்றுபவை, கார்மே, அனாங்கே என்று ஏகாரத்தில் முடிபவை எதிர்த்திசையில். ஹிமாலியாவைப் பிடிக்க 200 மி.மீ. தொலைநோக்கி, மோட்டார், கேமரா வேண்டும். அன்றைய இடத்தை ஜேபிஎல் ஹொரைசன்ஸ் என்ற நாசாவின் இணையச் சேவையில் எடுத்து, விலகல் அதிகமாக உள்ள வாரத்தைத் தேர்ந்தெடுங்கள், வியாழன் படத்துக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூசல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒரு நிமிடப் படங்கள் இருபது, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி இருபது. இரண்டு தொகுப்பையும் தனித்தனியே அடுக்கி, மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். எதிர்நிலைச் சமயத்தில் வியாழனும் அதன் கூட்டமும் மணிக்கு 20 விகலை நட்சத்திரங்களுக்கிடையே மேற்கே நகரும். முப்பது விகலை தள்ளிக் குதிக்கும் மங்கல் புள்ளி ஹொரைசன்ஸ் சொன்ன இடத்தில் இருந்தால் அதுதான் ஹிமாலியா. அதைவிட வேகமாகக் குதித்தால் வழியில் போகும் சிறுகோள்.